படித்துறை

முட்டத்துக் கடலில் பாறைகள் அதிகம், வீட்டில் விடமாட்டார்கள். நீச்சலுக்கு எங்களுக்கு வாய்த்தது உள்ளே தள்ளியிருந்த கோயில் குளம்தான். லீவு நாளில் கண் சிவக்கும்வரை முங்கிக் கிடப்போம். பாட்டா மட்டும் மேல்படியிலேயே நிற்பார்.

"லேய் மக்கா, ஒன் வயசுல நான் இந்தப் படியில கால்வைக்க முடியாது" என்றார் ஒருநாள்.

1927 மார்ச் 20-இல் மகாராஷ்டிரத்தின் மகாத் ஊரில், அம்பேத்கர் பொதுக்குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்ததே போராட்டமாக இருந்தது. எங்கள் குமரிப் பகுதி அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அங்கே 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் படித்துறையும் நம்மாட்களுக்குத் திறந்தது என்பார் பாட்டா. அப்போது அவருக்குப் பதினொரு வயது.

குளம் திறந்துவிட்டது. ஆனாலும் பாட்டா கடைசிவரை நீச்சல் பழகவில்லை. எங்கள் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி.