நெற்றித் தோல் தந்த மூக்கு

முகத்தில் எழும் கட்டிகளுட் சில வெகு விரைவாக வளர்வன. சிறு பருவாகத் தோன்றிச் சில வாரங்களிற் பெருத்து, நடுவே குழிந்து நிற்கும் ஒருவகைக் கட்டியை 1889இல் ஆங்கில வைத்தியர் ஜோனதன் ஹச்சின்சன் விவரித்தார். அது தானே சுருங்கி மறைவதும் உண்டு. ஆயினும், புற்றுநோயினின்று அதனைப் பிரித்தறிதல் கடினமாகலின், சுற்றியுள்ள நல்ல தோலையும் சிறிது சேர்த்து அறுத்தெடுப்பதே பெருவழக்கு.

அறுத்த இடத்தை மூடுவது எங்ஙனம்? கன்னமாயின் அயல்தோலை இழுத்துத் தைக்கலாம். மூக்கு நுனியில் இழுப்பதற்குத் தோல் ஏது? கொட்டாஞ்சேனையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கு வரும் நோயாளர் கத்தியைக் காட்டிலும், பின்னர் கண்ணாடியிற் காணப்போகும் முகத்துக்கே அஞ்சுவர்.

இதற்கு வழிகண்டது பாரத நாடு. கன்னத்துத் தோலால் மூக்கமைக்கும் முறை சுசுருத சங்கிதையிலேயே உண்டு. நெற்றித் தோலைக் கொள்ளும் முறையை மேனாட்டார் நன்கறிந்தது 1794ஆம் ஆண்டிலாகும். ஆங்கிலப் படையில் மாட்டு வண்டியோட்டிய கௌவாஸ்ஜி என்ற மராட்டியர், 1792ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறக்குறைய ஓராண்டின் பின், பூனாவுக்கருகே செங்கற் செய்வோர் குலத்தவர் ஒருவர் அவருக்கு மூக்கமைத்தார். குரூசோ, பின்ட்லே என்னும் ஆங்கில வைத்தியர் இருவர் அதனைக் கண்டனர்.

முதலில் மெழுகுத் தகட்டை மூக்கின் வடிவில் அமைத்து, அதனைத் தட்டையாக்கி, நெற்றியிற் பதித்துக் கோடிட்டார். அக்கோட்டின்படி தோலை உரித்தார். ஆனால் புருவங்களுக்கிடையே ஒரு சிறு துண்டை மட்டும் அறுக்காது விட்டார். குருதி ஓடுவதற்கு அதுவே வாய்க்கால். பின் தோலைத் திருப்பி மூக்கின்மேற் பொருத்தி, வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டியை நீரிற் குழைத்துத் துணியிற் பூசி ஒட்டினார். தையல் இல்லை. நான்கு நாட்களின் பின் நெய்யிட்ட துணி. ஏறக்குறைய 25ஆம் நாள் அத்துண்டையும் அறுத்துவிட்டார்.

இச்செய்தி 1794 அக்டோபரில் லண்டன் சஞ்சிகையொன்றில் வெளியாயிற்று. ஜோசப் கார்ப்யூ என்பார் அதனைப் படித்து, பிணங்களிற் பல்லாண்டு பழகி, 1814இல் உயிருள்ளவரிடத்துச் செய்து, 1816இல் நூலாக்கினார். நோயாளியின் பெயர் எஞ்சியது. பார்த்துநின்ற வைத்தியர் பெயர்களும் எஞ்சின. மூக்கமைத்தவர் பெயரை மாத்திரம் எவரும் எழுதிவைக்கவில்லை. புற்றுக்கட்டிக்கு மூக்கின் பெரும்பகுதியை இழந்தவர்க்கு இன்றும் நெற்றித் தோலே திருப்பிப் பொருத்தப்படுகிறது. அத்துண்டை அறுப்பதற்கு இன்றைய சத்திரவைத்தியர் காத்திருப்பதும் ஏறக்குறைய 3 வாரங்களே.