காலக்கணக்கைத் திருத்திய பைன் மரம்

மண்ணைத் தோண்டும்போது ஒரு பழைய மரத்துண்டு கிடைக்கிறது. அதன் வயது என்ன? இக்கேள்விக்கு இன்று ஆய்வுக்கூடங்கள் நம்பத்தக்க விடை தருகின்றன. அதற்கு உதவிய மரம் ஒன்றைப் பற்றி நீங்கள் அறிய வேண்டும்.

அதன் பெயர் பிரிசில்கோன் பைன். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில் வளரும் பசுமை மாறா ஊசியிலை மரம் இது. அங்கே குளிர் மிகுதி, மழை குறைவு, மண்ணும் வளமற்றது. எனவே மரம் மிக மெதுவாகப் பருக்கிறது. அதன் கட்டை இறுகிப் பிசின் நிறைந்திருப்பதால், பட்டுப்போன பிறகும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மட்காமல் கிடக்கிறது. 1957-இல் எட்மண்ட் சுல்மன் என்ற அறிஞர், 4,600 ஆண்டுகளுக்கு மேல் வயதான உயிர்மரம் ஒன்றை இங்கே கண்டறிந்தார்.

மரத்தில் ஆண்டுக்கொரு வளையம் உண்டாவதை நீங்கள் படித்திருப்பீர்கள். மழை ஆண்டில் வளையம் அகலமாகவும் வறண்ட ஆண்டில் குறுகலாகவும் அமையும். உயிர்மரத்தின் உள்வளையங்களில் காணும் அதே வரிசை, பட்ட கட்டையின் வெளிவளையங்களிலும் இருந்தால், அவை ஒரே காலத்தில் வளர்ந்தவை. இப்படிக் கட்டைகளை ஒன்றோடொன்று பொருத்தி, பெர்கூசன் என்பவர் 1969-இல் 7,104 ஆண்டு வளைய வரிசையை வெளியிட்டார்.

இதற்கு முன்பே, 1949-இல், வில்லார்டு லிபி கார்பன்-14 முறையை அறிவித்திருந்தார். உயிர் நீங்கிய பொருளில் கதிரியக்கக் கார்பன் குறைந்துகொண்டே வரும். எஞ்சிய அளவிலிருந்து வயதைக் கணக்கிடலாம். காற்றில் இந்தக் கார்பன் எக்காலத்திலும் ஒரே அளவில் இருந்தது என்று அவர் கொண்டார்.

அது சரிதானா? வயது தெரிந்த பைன் வளையங்களை ஹான்ஸ் சூயஸ் சோதித்தார். 6,000 ஆண்டு வளையத்தைக் கார்பன் முறை ஏறத்தாழ 700 ஆண்டு இளையதாகக் காட்டியது! புவியின் காந்தப்புலம் மாறியபோதெல்லாம் காற்றிலுள்ள கார்பன்-14 அளவும் மாறியதே முக்கியக் காரணம். பின்னர் ஐரோப்பிய ஓக் மரங்களும் இத்திருத்தத்தை உறுதி செய்தன.

விளைவு பெரிது. மால்டா தீவின் கற்கோயில்கள் எகிப்தியப் பிரமிடுகளைவிடப் பழையவை என்று தெளிவாயிற்று. பெருங்கட்டடக் கலை கிழக்கிலிருந்தே ஐரோப்பாவுக்குப் பரவியது என்ற கொள்கை சரிந்தது. 1973-இல் காலின் ரென்பிரூ இதை விளக்கி நூல் எழுதினார்.

இன்று அம்மலைக் காட்டில் கீழே கிடக்கும் கட்டையை எடுப்பதற்கும் தடை உண்டு. விறகாகத் தோன்றும் அது, மனித வரலாற்றுக்கு நாள் குறித்த ஏடு அல்லவா?