பர்மா வாசல்: லண்டன் – சிங்கப்பூர் தரைவழியும் ஓர் எல்லைக் கடப்பும்

லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை, ஆங்கிலக் கால்வாயைத் தவிர வேறெங்கும் கடலில் இறங்காமல், காரிலேயே செல்லும் வழியை லண்டன் – சிங்கப்பூர் தரைவழி என்பர். 1955 செப்டம்பர் 1 அன்று லண்டனின் ஹைட் பார்க் முனையிலிருந்து புறப்பட்ட ஆறு மாணவர்கள் 1956 மார்ச் 6 அன்று சிங்கப்பூரை அடைந்து இவ்வழியை முதன்முதலாக முழுமையாகக் கடந்தனர். ஆக்ஸ்ஃபோர்டு – கேம்பிரிட்ஜ் தூரகிழக்குப் பயணம் என்பது அதன் பெயர்.

பள்ளியில் வரலாறு நடத்திய காலத்தில் ஆசிய வரைபடத்தை மேசைமேல் விரித்து, "லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குக் காரில் எப்படிப் போவாய்?" என்று மாணவர்களைக் கேட்பேன். துருக்கி, ஈரான், பாகிஸ்தான், கல்கத்தா என்று விரல் தடையின்றி ஓடிவரும். அசாமுக்குக் கிழக்கே வந்ததும் நின்றுவிடும். 1955-இல் அந்த ஆறு பேருக்கும் சிக்கல் அதே இடத்தில்தான்.

பயணமும் பயணிகளும்

இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகள். பல்கலைக்கழக நிறங்களின்படி ஒன்று கருநீலம், மற்றொன்று வெளிர்நீலம். குழுவில் டிம் ஸ்லெஸ்ஸர், ஏட்ரியன் கோவெல், ஆன்டனி பாரிங்டன் பிரவுன், ஹென்றி நாட், பாட் மர்ஃபி, நைஜல் நியூபெரி ஆகியோர் இருந்தனர். படம்பிடிக்கும் பொறுப்பு பாரிங்டன் பிரவுனுடையது. டி.என்.ஏ. மாதிரியுடன் வாட்சனும் கிரிக்கும் நிற்கும் 1953-ஆம் ஆண்டுப் புகழ்பெற்ற ஒளிப்படத்தை எடுத்தவரும் அவரே. பிபிசியில் அப்போது இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ அவர்களுக்குத் திரைச்சுருள் கொடுத்து உதவினார். பயணக் கதையை ஸ்லெஸ்ஸர் பின்னர் நூலாக எழுதினார்.

ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் சாலை மோசமாக இருந்தாலும் சாலை என்று ஒன்று இருந்தது. எல்லைகளில் வேண்டியவை விசாவும், காருக்கான சுங்கப் பிணைச் சீட்டும். "கார்னே" எனப்படும் அச்சீட்டு, வண்டியை அந்த நாட்டில் விற்றுவிடாமல் வெளியே கொண்டுபோவோம் என்பதற்கு மோட்டார் சங்கம் தரும் உத்தரவாதம். உள்ளே போகும்போது ஒரு முத்திரை, வெளியேறும்போது ஒரு முத்திரை. வெளியேறும் முத்திரை இல்லாவிட்டால் பிணைத்தொகை போய்விடும். காகிதம் சரியாக இருந்தால் கல்கத்தா வரை வந்துவிடலாம்.

பர்மாவுக்குள் எந்த வழி?

இந்தியாவிலிருந்து பர்மாவுக்குள் நுழைய மூன்று திசைகளை எண்ணிப் பார்க்கலாம். தெற்கே அரக்கான் கரையோரம். அங்கே ஆறுகளும் கழிமுகங்களும் குறுக்கிட்டன. கார் ஓடத் தொடர்ச்சியான சாலை இல்லை. நடுவில் மணிப்பூரின் இம்பாலிலிருந்து மோரே, தமு வழியாகச் சிந்துவின் ஆற்றங்கரையிலுள்ள கலேவாவுக்குச் செல்லும் வழி. வடக்கே அசாமின் லேடோவிலிருந்து பாங்சாவ் கணவாயைக் கடந்து மியிட்சினா நோக்கிப் போகும் லேடோ சாலை. மாணவர்கள் சென்றது இந்த மூன்றாவது வழியில்.

லேடோ சாலை போருக்காகப் பிறந்தது. ஜப்பானியர் 1942-இல் பர்மாவைப் பிடித்ததும் சீனாவுக்குப் பொருள் அனுப்பும் தரைவழி அறுந்தது. அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல்லின் பொறுப்பில் மலையை வெட்டிச் சாலை போடும் வேலை அவ்வாண்டு இறுதியில் தொடங்கியது. 1945 தொடக்கத்தில் முதல் வாகன வரிசை சீனாவின் குன்மிங் நகரை அடைந்தது. லேடோவிலிருந்து குன்மிங் வரை மொத்தம் 1,079 மைல். இந்தச் சாலைக்காக உயிரிழந்த அமெரிக்கர் மட்டுமே ஏறத்தாழ 1,100 பேர். போர் முடிந்ததும் அதைப் பராமரிக்க எவரும் இல்லை. மழை அதிகமான அக்காட்டில் பத்தாண்டு கவனிக்காத சாலை என்ன ஆகும்? பாலங்கள் விழுந்தன, மண் சரிந்தது, காடு திரும்பி வந்தது.

ஆகவே காலக்கணக்கு முக்கியமாயிற்று. தென்மேற்குப் பருவமழையில் அங்கே சக்கரம் நகராது. செப்டம்பரில் லண்டனை விட்டால் மழை ஓய்ந்த குளிர்காலத்தில் பர்மா எல்லையில் நிற்கலாம். தாமதித்தால் அடுத்த மழை பிடித்துக்கொள்ளும். அரசியலும் எளிதாக இல்லை. 1948 ஜனவரி 4 அன்று விடுதலை பெற்ற பர்மாவில் பல இனக் குழுக்களின் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. கிழக்கே ஷான் நிலத்தில் சீன உள்நாட்டுப் போரில் தோற்று எல்லை தாண்டிய கோமிந்தாங் படையினரும் இருந்தனர். இவற்றுக்கு நடுவே பர்மாவைக் குறுக்காகக் கடந்து தாய்லாந்து, மலாயா வழியாகச் சிங்கப்பூர் சேர்ந்தார்கள்.

அதே வழியில் முன்பு நடந்தவர்கள்

மாணவர்களின் துணிவைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் "முதன்முதலாக" என்ற சொல்லைக் காருக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது என் கருத்து. 1942-இல் ஜப்பானியர் முன்னேறியபோது பல லட்சம் இந்தியர் பர்மாவைவிட்டு வெளியேறினர். அவர்களில் தமிழர் ஏராளம்: ரங்கூன் துறைமுகத் தொழிலாளர், வயல் கூலிகள், கடைக்காரர், வட்டிக்கடைக் கணக்கர். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். அவர்களுக்கும் முன்னால் இருந்தவை இதே வழிகள்தாம். பலர் தமு வழியாக மணிப்பூருக்கு வந்தனர். அது அடைபட்டபோது மற்றவர்கள் வடக்கே ஹூகாங் பள்ளத்தாக்கு வழியாகப் பாங்சாவ் கணவாய்க்குப் போனார்கள். மழை தொடங்கிவிட்டது. பசி, காலரா, மலேரியா. எல்லா வழிகளிலுமாக இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். பின்னர் லேடோ சாலை போட வந்தவர்கள் அவ்வழியோரம் எலும்புக்கூடுகளைக் கண்டனர். அந்த நடைவழியை ஒட்டித்தான் சாலையும் அமைந்தது.

வாசல் அடைபடுதல்

1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் பர்மா வெளியாருக்குத் தரைவழியை மூடிக்கொண்டது. அடுத்து வந்த தேசியமயமாக்கலில் கடையும் தொழிலும் இழந்து லட்சக்கணக்கான இந்தியர் திரும்பினர். தமிழர்கள் சென்னைக்குக் கப்பலில் வந்து முகாம்களில் தங்கினர். அவர்களில் சிலருக்கு இங்கே மனம் ஒட்டவில்லை. பிறந்த ஊருக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் வரை சென்று எல்லையைக் கடக்க முயன்றார்கள். அனுமதி கிடைக்காமல் மோரேயிலேயே தங்கிவிட்டனர். இன்றும் அச்சிற்றூரில் தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து அவ்வளவு தொலைவில் ஒரு தமிழ்த் தெரு இருப்பதற்குக் காரணம், திறக்காத ஓர் எல்லை.

கார்ப் பயணிகளும் திசை மாறினர். 1957-இல் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு "இந்தியாமேன்" என்ற பேருந்து ஓடத் தொடங்கியது. ஒருவழிக் கட்டணம் 85 பவுன். அதற்கு மேல் கிழக்கே செல்ல விரும்பியவர்கள் 1960-களில் தெற்கே திரும்பிச் சென்னைத் துறைமுகத்தில் வண்டியைக் கப்பலில் ஏற்றிப் பினாங்கில் இறக்கினர். நம் ஊர்க்காரர்களை மலாயாவுக்குக் கொண்டுபோன "ரஜூலா" போன்ற கப்பல்களே இவர்களுக்கும் உதவின. 1968-இல் நடந்த லண்டன் – சிட்னி கார்ப் பந்தயத்தில்கூட வண்டிகள் பம்பாயில் கப்பலேறி ஆஸ்திரேலியாவில் இறங்கின. 1979-இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைவும் சேர்ந்து வழியின் மேற்குப் பகுதியையும் முடக்கின.

பிற்காலம்

தமுவிலிருந்து கலேவா, கலேமியோ வரை இந்தியா அமைத்துக் கொடுத்த நட்புறவுச் சாலை 2001-இல் திறக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில் மோரே – தமு வாசல் பாஸ்போர்ட், விசாவுடன் செல்வோருக்கு முறையாகத் திறந்தது. மறு ஆண்டு, 1955-இல் சென்ற அதே "ஆக்ஸ்ஃபோர்டு" வண்டி செப்பனிடப்பட்டுச் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு எதிர்த்திசையில் ஓடியது. மியான்மர் வழியாகவே அது இந்தியாவுக்குள் வந்தது. எண்பது வயதைக் கடந்த ஸ்லெஸ்ஸரும் போவதாக இருந்தது. உடல்நலம் இடம் தராததால் அவர் பேரன் நாட் ஜார்ஜ் சென்றார்.

2021 பிப்ரவரி 1 அன்று மியான்மரில் மீண்டும் ராணுவ ஆட்சி வந்தது. 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் மூண்டு மோரேயும் எரிந்தது. இந்தியாவிலிருந்து காரில் சிங்கப்பூர் செல்ல நினைப்பவர்கள் நேபாளம், திபெத், சீனா, லாவோஸ், தாய்லாந்து என்று சுற்றுவழியைப் பார்க்கிறார்கள். சீனாவில் வெளிநாட்டு வண்டியுடன் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் எல்லை முதல் எல்லை வரை உடன்வர வேண்டும், அவருடைய செலவும் பயணியைச் சேர்ந்தது. தாய்லாந்துக்குள் நுழையவும் முன்கூட்டியே அனுமதி வாங்கியாக வேண்டும்.