கப்பல் மேல்தளம் முதல் சாங்கி வரை

சிங்கப்பூர் ஒரு தீவு. நம் முன்னோர் இங்கே வந்து சேர்ந்த வழிதான், அவர்கள் எங்கே குடியேறினார்கள், யாரோடு கூடி வாழ்ந்தார்கள் என்பதையும் பெரும்பாலும் முடிவு செய்தது.

தெலுக் ஆயர் தெருவில் இன்று நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்ப்பதற்கு முன் அந்தத் தெருதான் கரை. பாய்மரக் கப்பலில் வந்த சூலியா முஸ்லிம்கள், இறங்கிய கரையிலேயே 1827இல் அல்-அப்ரார் பள்ளிவாசலை அமைத்தார்கள். முதலில் ஓலைக் குச்சாக இருந்ததால் அது ‘குச்சுப் பள்ளி’ ஆனது. அதே தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா எழுந்தது.

பிறகு நீராவிக் கப்பல் வந்தது. நம் பெரியவர்கள் மறக்காத பெயர் ‘ராஜுலா’. 1926இல் கட்டப்பட்ட இக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடியது. பயணிகளில் பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள். தொற்றுநோய் அச்சம் இருந்த காலங்களில் கப்பலில் வந்தோரைச் செயின்ட் ஜான்ஸ் தீவில் தங்கவைத்த பிறகே நகருக்குள் விட்டார்கள்.

பினாங்கில் இறங்கியவர்களுக்கு ரயில் வழியும் இருந்தது. 1923இல் ஜொகூர் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. 2011 வரை அங்கே ரயில் வந்தது.

வானூர்திக்குக் காலாங் 1937இலும், பாய லேபார் 1955இலும், சாங்கி 1981இலும் திறந்தன. ராஜுலா 1973இல் ஓய்வுபெற்றது. அடுத்து ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். அதோடு பயணிகள் கப்பல் நின்றது. அன்று ஏறத்தாழ ஒரு வாரம் பிடித்த தூரம் இன்று திருச்சியிலிருந்து நான்கு மணி நேரம்.

வேகம் வந்தது நல்லதே. ஆனால் கப்பல் செய்த ஒரு வேலையை விமானம் செய்வதில்லை. மேல்தளத்தில் கூடித் தொழுது, கூடிச் சாப்பிட்டு வந்த சபராளி, கரையிறங்கும்போதே நாலு பேரை அறிந்திருந்தார். எந்தக் கடையில் வேலை கிடைக்கும், எங்கே தங்கலாம் என்பதெல்லாம் கடலிலேயே பேசி முடிந்துவிடும். இன்று பிழைப்புக்கு வரும் இளைஞர் சாங்கியில் பெட்டியோடு தனியே இறங்குகிறார்.

ராஜுலா ஓய்வுபெற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு. நம் சங்கத்துக்கும் கிட்டத்தட்ட அதே வயது. அந்த மேல்தளம் செய்த வேலையை இனி நாம்தான் செய்ய வேண்டும். புதிதாக வருபவருக்குப் பள்ளிவாசலையும் ஊர்க்காரரையும் அறிமுகப்படுத்த வேண்டும். அவருடைய முதல் மாதத்துக்குத் துணை நிற்க வேண்டும். கப்பலில் வந்த பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இப்போதே கேட்டு எழுதி வைப்போம். பழைய பயணச்சீட்டும் தகரப் பெட்டியும் இருந்தால் பத்திரப்படுத்துவோம். அல்லாஹ் அவர்களுக்கு நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தருவானாக. ஆமீன்.