டர்போ கார்களில் எக்ஸாஸ்ட் பழுதுகள்

டர்போசார்ஜர் பொருத்திய கார்களில், சிலிண்டர் ஹெட்டிலிருந்து பின்பக்க சைலன்சர் வரை எரிந்த வாயு செல்லும் பாதையில் ஏற்படும் வெடிப்பு, கசிவு, அடைப்பு ஆகியவை எக்ஸாஸ்ட் பழுதுகள் எனப்படும். சாதாரணக் காரில் இப்பாதை வாயுவை வெளியேற்றுவதோடு சரி. டர்போ காரில் அந்த வாயுதான் டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது; அதே தண்டின் மறுமுனையிலுள்ள கம்ப்ரஸர் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தருகிறது. ஆகவே பாதையில் கோளாறு வந்தால் பிக்கப் போய்விடும். பழி டர்போமீது விழும். நல்ல டர்போவைக் கழற்றிப் புதியது மாட்டிய பிறகும் குறை அப்படியே நிற்பதுண்டு.

வரலாறு

வெளியேறும் வாயுவோடு வீணாகும் ஆற்றலைக் கொண்டு எஞ்சினுக்குக் காற்றூட்டலாம் என்பதைச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூகி 1905-இல் காப்புரிமையாகப் பதிவு செய்ய முனைந்தார். அவ்வளவு வெப்பத்தில் நெடுநேரம் உழைக்கும் உலோகம் அன்று கிடைக்கவில்லை. 1920களின் நடுவில்தான் ப்ராய்சன், ஹான்ஸஸ்டாட் டான்சிக் என்ற இரு ஜெர்மன் பயணியர் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அவர் முறை வெற்றி கண்டது. 1,750 குதிரைத்திறன் 2,500 ஆக உயர்ந்தது. இடையில் முதல் உலகப் போரின்போது பிரான்சின் ஓகுஸ்த் ராட்டோ இதை விமான எஞ்சினில் முயன்றார். 1918-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சினைக் கொலராடோவின் பைக்ஸ் பீக் சிகரத்துக்கு, சுமார் 4,300 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிச் சென்று, காற்று மெலிந்த இடத்திலும் டர்போ இருந்தால் திறன் குறையாது என்று நிறுவினார்.

கார்களுக்கு டர்போ வந்தது 1962-இல். ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலே கோர்வேர் மோன்ஸா ஸ்பைடர் ஆகியவை முன்னோடிகள். ஜெட்ஃபயரில் எஞ்சின் நாக்கிங் வராமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை அவ்வப்போது நிரப்ப வேண்டும். பலர் நிரப்பாமல் ஓட்டினார்கள். திரவம் தீர்ந்ததும் அமைப்பு தானே அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ள, கார் இழுக்கவில்லை என்ற புகார்கள் குவிந்தன; விரும்பியவர்களுக்கு நிறுவனமே டர்போவைக் கழற்றிக் கொடுத்தது. டர்போவுக்கு நெடுங்காலம் இருந்த கெட்ட பெயர் இங்கே தொடங்கியது. பராமரிப்புக் குறைதான் காரணம். பின்னர் பிஎம்டபிள்யூ 2002 டர்போ (1973), போர்ஷே 911 டர்போ, சாப் 99 டர்போ ஆகியவை அப்பெயரை மீட்டன.

காரணங்கள்

பெட்ரோல் டர்போ காரில் டர்பைனுக்குள் நுழையும் வாயு 950 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டலாம். டீசலில் இது குறைவு. சிலிண்டர்களின் வாயுவை ஒன்றுசேர்க்கும் வார்ப்புக் குழாயான மேனிஃபோல்டு ஒவ்வொரு பயணத்திலும் விரிந்து சுருங்குகிறது. அதை ஹெட்டோடு பிணைக்கும் ஓரத்து ஸ்டட்கள் முதலில் முறியும். பிறகு கேஸ்கெட் ஊதும், வார்ப்பு வெடிக்கும். எஞ்சின் மவுண்ட் தளர்ந்தாலும், சைலன்சரைத் தாங்கும் ரப்பர்கள் அறுந்தாலும், பாதையின் இடையே வளைந்து கொடுக்கும் நெளிகுழாய் கிழிகிறது.

பழுதறிதல்

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் அடங்கினால் மேனிஃபோல்டு கசிகிறது என்று கொள்ளலாம்: உலோகம் விரிந்து இடைவெளியை மூடிக்கொள்கிறது. வெப்பத்தகட்டைக் கழற்றி விளக்கடித்துப் பார்த்தால், கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு விசிறிபோல் படிந்திருக்கும். அதுவே கசிவின் முகவரி. டர்பைனுக்கு முன்னால் கசிந்தால் பூஸ்ட் (கம்ப்ரஸர் தரும் காற்றழுத்தம்) குறைந்து, ஸ்கேனரில் பி0299 என்ற குறியீடு விழும். இதே குறியீடு இன்டர்கூலர் ஹோஸ் கழன்றாலும், உபரி வாயுவை டர்பைனுக்குள் விடாமல் திருப்பும் வேஸ்ட்கேட் திறந்தபடி சிக்கினாலும் வரும் என்பதால், குறியீட்டை மட்டும் நம்பிப் பாகம் வாங்கக் கூடாது. ஸ்மோக் மெஷினால் புகை செலுத்திப் பார்ப்பதே உறுதியான வழி.

அடைப்பை அறிய, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னுள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி பொருத்துவார்கள். நிமிடத்துக்கு 2,500 சுற்றில் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் அந்தத் துளைக்குப் பின்னால், சைலன்சர் பக்கம், அடைப்பு இருக்கிறது. டர்பைன் சக்கரம் உடைந்து மாற்றப்பட்ட காரில் இச்சோதனையைத் தவிர்க்கவே கூடாது; உடைந்த துண்டுகள் கன்வெர்ட்டரில் போய்ச் சிக்கியிருந்தால் புதிய டர்போவும் வீணாகும். நீலப்புகை ஆயில் கசிவைக் காட்டும். அதற்கும் டர்போவின் சீலைக் குற்றம் சொல்லுமுன் ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காருக்குள் புகை நாற்றம் வந்தால் வண்டியை ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும். நாற்றமே இல்லாத கார்பன் மோனாக்சைடும் கூடவே உள்ளே வரும். அது உயிரைப் பறிக்கும்.

தடுப்பு

நிறுவனம் குறிப்பிட்ட தர ஆயிலை உரிய காலத்தில் மாற்றுவது முதன்மை. மலையேற்றத்துக்கும் நெடுவேக ஓட்டத்துக்கும் பிறகு ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்க வேண்டும். உடனே அணைத்தால் பேரிங்கில் நிற்கும் ஆயில் கரியாகும். மேனிஃபோல்டைக் கழற்றினால் கேஸ்கெட்டும் நட்டுகளும் புதிதாக இருக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்சால், சொன்ன அளவுக்கே இறுக்க வேண்டும். கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறுங்குழாய் போடுவது கண்டிக்கத்தக்கது.

இன்றைய நிலை

ஃபோர்டு 1.0 லிட்டர் எகோபூஸ்ட் போன்றவற்றில் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேர்ந்தே வார்க்கப்படுவதால், அவ்விரண்டுக்கும் இடையே கேஸ்கெட் கசிவுக்கு இடமில்லை. 2013-இல் இவ்வெஞ்சின் சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரான எகோஸ்போர்ட்டில் இந்தியாவுக்கு வந்தது. 2020 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த பி.எஸ்.-6 (பாரத் ஸ்டேஜ்) மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின் டீசல் கார்களில் புகைக்கரி வடிகட்டியின் அடைப்பும் பழுதுகளில் சேர்ந்துள்ளது.