மின்சிகரெட் திரவமும் நாள்பட்ட தோல் நோயும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

முக்கியச் செய்திகள்

• மின்சிகரெட்டின் திரவத்திலும் கருவியிலும் உள்ள சில பொருள்கள் தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. ஏற்கெனவே கரப்பான் (எக்சிமா) உள்ளவர்களுக்கு அவை நோயைத் தூண்டலாம்.
• அப்பொருள்களுள் ஒன்றான புரொப்பிலீன் கிளைக்கால், நீங்கள் பூசும் களிம்பிலும் இருக்கலாம்.
• புகையிலைப் புகை இல்லை என்பதால் மின்சிகரெட் சொரியாசிஸ் நோயாளிக்குப் பாதுகாப்பானது என்று கருத இயலாது.
• மின்சிகரெட் பயன்படுத்துவதை மருத்துவரிடம் மறைத்தால், ஆறாத தடிப்பின் காரணத்தைக் கண்டறிவது கடினம்.

ஏன் இந்தக் கேள்வி எழுகிறது?

அரியாங்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் தோல் நோயைத் தூண்டும் காரணங்கள் பல. வியர்வையும் ஈரக்காற்றும் படர்தாமரையை வளர்க்கின்றன. வீராம்பட்டினம் முதலிய மீனவக் கிராமங்களில் உப்புநீர், மீன், பனிக்கட்டி ஆகியவற்றோடு நாள்முழுதும் புழங்கும் கைகளில் கரப்பான் எளிதில் தோன்றுகிறது. எனவே ஒரு தடிப்பு ஆறாதபோது நோயாளியும் மருத்துவரும் முதலில் இவற்றையே நினைக்கின்றனர். மின்சிகரெட்டைப் பற்றி மருத்துவர் கேட்பது அரிது. தடை செய்யப்பட்ட பொருள் என்பதால் நோயாளியும் தாமாகச் சொல்வதில்லை. மாதக்கணக்கில் களிம்பு மாற்றியும் பயன் காணாத சிலருக்கு, விடை இந்த மௌனத்தில் இருக்கலாம்.

திரவத்தில் இருப்பவை யாவை?

பெரும்பாலான மின்சிகரெட் திரவங்களில் நான்கு வகைப் பொருள்கள் உள்ளன: புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், சுவையூட்டிகள். மின்கலத்தால் சூடேறும் உலோகக் கம்பிச்சுருள் இத்திரவத்தை நுண்துளிகளாக மாற்றுகிறது. மிகுதியாகச் சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற எரிச்சலூட்டும் வேதிப்பொருள்களும் உருவாகின்றன. கம்பிச்சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் முதலிய உலோகங்கள் சிறிய அளவில் நுண்துளிகளில் கலப்பதும் கண்டறியப்பட்டுள்ளது.

இவை தோலை எவ்வாறு பாதிக்கின்றன?

புரொப்பிலீன் கிளைக்கால்: இது நீரை ஈர்க்கும் தன்மையுடையது, உதட்டையும் வாயையும் உலரச் செய்யும். சிலருக்கு இது ஒவ்வாமையையும் தருகிறது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2018ஆம் ஆண்டின் ஒவ்வாமைப்பொருளாக இதனை அறிவித்தது. களிம்பு, ஷாம்பு, வியர்வை நாற்றம் நீக்கும் பூச்சு, திரவ மருந்து ஆகியவற்றில் இது பரவலாகச் சேர்க்கப்படுகிறது. உணவுப் பொட்டலங்களில் 1520 என்ற எண்ணால் குறிக்கப்படுவதும் இதுவே. இப்பொருளுக்கு ஒவ்வாமை உடையவர்களுக்கு, தோலில் படாமல் உணவு அல்லது மருந்து வழியே உட்சென்றபோதும் தடிப்பு பெருகியதாக மருத்துவப் பதிவுகள் உள்ளன. ஆகவே மூச்சின் வழியே மீண்டும் மீண்டும் உட்செல்வதையும் புறக்கணிக்க இயலாது.

நிக்கல்: கவரிங் தோடு, கைக்கடிகாரம், ஜீன்ஸ் பொத்தான் ஆகியவை பட்ட இடத்தில் உங்களுக்கு அரிப்பு வருவதுண்டா? அவ்வாறாயின் நிக்கல் ஒவ்வாமை இருக்க வாய்ப்பு மிகுதி. மின்சிகரெட்டின் உலோகப் பகுதியைப் பிடித்த கையில் இத்தகைய கரப்பான் தோன்றிய நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. வியர்வை உலோகத்திலிருந்து நிக்கலை வெளியேற்றும்; நம் பகுதியின் வெப்பமும் ஈரப்பதமும் இதற்குத் துணைபோகின்றன.

சுவையூட்டிகள்: இலவங்கப்பட்டைச் சுவை தரும் சின்னமால்டிஹைடு, நன்கு அறியப்பட்ட ஒவ்வாமைப்பொருள். உதட்டிலும் வாயைச் சுற்றியும் சிவந்த தடிப்பை இது உண்டாக்கலாம்.

நிகோட்டின்: இது இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது, புண் ஆறுவது தாமதமாகிறது. அரிப்பினால் சொறிந்து புண்ணான தோலுக்கு இத்தாமதம் நல்லதன்று.

சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு

சொரியாசிஸ் (காளாஞ்சகப்படை) ஒரு தொற்றுநோய் அன்று. உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் தோல் செல்களை மிக விரைவாகப் பெருகச் செய்வதால் வருவது. புகைபிடிப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி. உள்ளங்கை, உள்ளங்காலில் சீழ்க்கொப்புளங்கள் தோன்றும் வகையில், நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் புகைபிடிப்பவர்களாகவோ முன்பு புகைத்தவர்களாகவோ உள்ளனர்.

சிகரெட்டைப் பற்றிக் கிடைத்துள்ள அளவுக்கு நீண்டகால ஆய்வுகள் மின்சிகரெட்டைப் பற்றி இன்னும் வரவில்லை. எனவே ‘மின்சிகரெட் சொரியாசிஸை உண்டாக்குகிறது’ என்று அறுதியிட்டுக் கூற முடியாது. எனினும் பின்வரும் இரண்டு செய்திகளை நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஒன்று, சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு ஏற்கெனவே கூடுதல். நிகோட்டின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. சைக்ளோஸ்போரின் உட்கொள்பவர்களுக்கு அம்மருந்தும் இரத்த அழுத்தத்தை உயர்த்தும்.

இரண்டு, மெத்தோட்ரெக்சேட் மாத்திரை அரிதாக நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். மின்சிகரெட்டும் நுரையீரலைப் பாதிக்கும். 2019இல் அமெரிக்காவில் மின்சிகரெட்டுடன் தொடர்புடைய நுரையீரல் பாதிப்பு பரவியபோது, 2020 பிப்ரவரி வரை 68 பேர் இறந்தனர். அதன் முதன்மைக் காரணமாக, திரவத்தில் கலக்கப்பட்டிருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற பொருளே வலுவாகச் சுட்டப்பட்டது. மெத்தோட்ரெக்சேட் உட்கொள்ளும் ஒருவருக்கு வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால், அவர் மின்சிகரெட் பயன்படுத்துகிறாரா என்பதை மருத்துவர் அறிந்தே ஆக வேண்டும்.

உங்கள் தடிப்புக்கு இதுதான் காரணமா?

தடிப்பு இருக்கும் இடம் ஓரளவு வழிகாட்டும். உதடு, வாய்ச்சுற்று, கருவியைப் பிடிக்கும் ஒரு கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் ஆகிய இடங்களில் மட்டும் இருந்தால் மின்சிகரெட்டை ஐயுறலாம். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்புறம் ஆகிய இடங்களில் வெள்ளிநிறச் செதில்களுடன் இருந்தால் அது பெரும்பாலும் சொரியாசிஸ். வட்டமாகப் பரவி ஓரத்தில் அரிப்பவை படர்தாமரையாக இருக்கலாம். இம்மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு. மருந்துக்கடையில் தாமாக வாங்கிய ஸ்டீராய்டு களிம்பைப் பூசினால் நோயின் தோற்றமே மாறிவிடும்.

ஒவ்வாமையை உறுதிசெய்ய ஒட்டுப் பரிசோதனை (பேட்ச் டெஸ்ட்) உதவும். ஐயத்திற்குரிய பொருள்களைச் சிறு பட்டைகளில் வைத்து முதுகில் ஒட்டுவர். 48 மணி நேரம் முதுகில் நீர் படாமல் காக்க வேண்டும். பட்டையை அகற்றியபின் ஒருமுறையும், ஏறத்தாழ 96ஆவது மணி நேரத்தில் மறுமுறையும் தோலைப் பார்ப்பர். வழக்கமான பரிசோதனைத் தொகுப்பில் எல்லாப் பொருள்களும் இடம்பெறுவதில்லை. மின்சிகரெட் பயன்படுத்துவதாக நீங்கள் சொன்னால்தான் புரொப்பிலீன் கிளைக்கால் போன்றவற்றைச் சேர்த்துப் பார்க்க இயலும்.

திரவத்தை நீங்களே தோலில் தடவிச் சோதிக்க வேண்டாம். நிகோட்டின் தோலின் வழியே உடலுக்குள் செல்லும். ஈரமான புகையிலை இலைகளைப் பறிக்கும் தொழிலாளர்களுக்கு வாந்தியும் தலைச்சுற்றலும் வருவது இதனால்தான்.

களிம்பு பூசியபின் எரிச்சல் கூடினால்

ஸ்டீராய்டு களிம்புகள் சிலவற்றில் புரொப்பிலீன் கிளைக்கால் உள்ளது. அதற்கு ஒவ்வாமை உள்ள ஒருவர் மின்சிகரெட்டையும் பயன்படுத்தி, அதே பொருள் கலந்த களிம்பையும் பூசினால், மருந்தே நோயை வளர்க்கும். எனவே மருத்துவரிடம் செல்லும்போது வீட்டில் உள்ள எல்லாக் களிம்புக் குழாய்களையும் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம். இடைப்பட்ட நாள்களில் நறுமணம் சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லியைப் பூசலாம்.

களிம்புக் குழாயின் மேல் உட்பொருள் அச்சிடப்பட்டிருக்கும். மறைவாக விற்கப்படும் மின்சிகரெட்டின் உறையில் எழுதியிருப்பதை யாரும் சரிபார்ப்பதில்லை. ‘நிகோட்டின் இல்லை’ என்ற சொல்லையும் நம்ப இயலாது. ஒவ்வாமை உள்ளவருக்கு, தவிர்க்க வேண்டிய பொருள் எதில் உள்ளது என்பதை அறிய முடியாமற்போவதே பெரிய இடர்.

மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 மே மாதத்தில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் மின்சிகரெட்டுக்கு முழுத் தடையைப் பரிந்துரைத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமும், டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமும் வந்தன. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன. முதல்முறை விற்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஃபிரான்சில் வாழும் உறவினர் கொண்டுவந்தது என்பதாலும் அது பாதுகாப்பானதாகிவிடாது. அந்நாட்டிலேயே ஒருமுறை பயன்படுத்தி எறியும் மின்சிகரெட்டுகளுக்கு 2025 பிப்ரவரியில் தடை வந்தது.

ஆனால் மருத்துவரின் அறையில் நீங்கள் நோயாளி. அங்கு நீங்கள் சொல்வது சிகிச்சைக்கான தகவல். அதனை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை. எத்தனை நாளாக, ஒரு நாளில் எத்தனை முறை, எந்தச் சுவை என்பதை மட்டும் சொன்னால் போதும்.

நிறுத்துவது எப்படி?

நிறுத்திய முதல் சில நாள்களில் எரிச்சல், தூக்கமின்மை, அமைதியின்மை ஆகியவை மிகும். முதல் வாரத்திற்குப்பின் படிப்படியாகக் குறையும். அந்நாள்களில் சொறியும் பழக்கமும் கூடலாம். நகங்களை வெட்டி, குளித்தவுடன் ஈரப்பூச்சைத் தடவி வாருங்கள். ‘நிறுத்தியதால்தான் நோய் கூடியது’ என எண்ணி மீண்டும் தொடங்க வேண்டாம்.

நிகோட்டின் ஒட்டுப்பட்டை கரப்பான் உள்ள தோலில் அரிப்பை உண்டாக்கலாம். அதற்கு மாற்றாக நிகோட்டின் மெல்லும் பசை உள்ளது. எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். சிகரெட்டிலிருந்து மின்சிகரெட்டுக்கு மாறியவர்கள், பீடிக்கோ சிகரெட்டுக்கோ குட்காவுக்கோ திரும்புவது தீர்வாகாது. தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800 11 2356; கட்டணம் இல்லை.

பராமரிப்பாளர்களுக்கு

மின்சிகரெட் பேனா போலவோ பென் டிரைவ் போலவோ தோன்றலாம். மகனிடமோ மகளிடமோ பழச்சுவை மணமும் ஆறாத வாய்ச்சுற்றுத் தடிப்பும் ஒருங்கே இருந்தால், அதட்டாமல் கேளுங்கள். அச்சத்தால் மறைக்கப்பட்டால் சிகிச்சை தவறும். கரப்பான் உள்ள குழந்தைகள் பலருக்கு ஆஸ்துமாவும் இருக்கும். அவர்கள் இருக்கும் வீட்டில் யாரும் மின்சிகரெட் பயன்படுத்தக் கூடாது.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• முகம், உதடு, நாக்கு வீங்குதல், மூச்சுத்திணறல்.
• உடல் முழுதும் சிவந்து செதில் உதிர்தல். காய்ச்சலுடன் சீழ்க்கொப்புளங்கள் பரவுதல்.
• குழந்தை திரவத்தை விழுங்குதல். வாந்தி, மிகுந்த உமிழ்நீர், வலிப்பு ஆகியவை தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். தோலில் சிந்தியிருந்தால் உடையை அகற்றி மிகுதியான நீரால் கழுவுங்கள்.

இந்நிலைகளில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

எங்கு செல்வது?

அவசரமற்ற நிலையில் முதலில் அரியாங்குப்பம் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். தோல் மருத்துவரின் ஆலோசனை தேவைப்பட்டால் புதுச்சேரி இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கோ பரிந்துரைக்கப்படுவீர்கள். தடிப்பு முதலில் தோன்றிய நாள், இடம், அதன் ஒளிப்படம் ஆகியவற்றைக் குறித்து எடுத்துச் செல்வது நோயறிதலை எளிதாக்கும்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுத் தகவல்கள். மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகா.