கோள்களின் சூரியக் கடப்பு: இந்தியப் பதிவுகள்

புவிக்கும் சூரியனுக்கும் நேர் நடுவே புதனோ வெள்ளியோ வரும்போது, அது சூரிய வட்டத்தின் மேல் சிறு கரும்புள்ளியாக ஊர்வதே சூரியக் கடப்பு. இடைநகர்வு என்றும் வழங்கும். புதன் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 13 முறை கடக்கிறது. வெள்ளி எட்டாண்டு இடைவெளியில் இருமுறை கடந்தால், மறுபடி வர நூறாண்டுக்கு மேலாகும்.

இந்தியாவிலிருந்து கிடைக்கும் பழைய பதிவுகளில் ஒன்று, 1651இல் சூரத்தில் ஆங்கிலேயர் ஜெரமையா ஷேக்கர்லி கண்ட புதன் கடப்பு.

1761 ஜூன் 6 வெள்ளிக் கடப்பைச் சென்னையில் பாதிரியார் வில்லியம் ஹர்ஸ்ட் கண்டார். வெள்ளியைச் சுற்றி அவர் குறித்த மங்கல் அதன் வளிமண்டலமா, தொலைநோக்கியின் தோற்றப்பிழையா என்பதில் ஒருமித்த கருத்தில்லை.

சூரியனின் தொலைவைக் கணிக்க உதவும் இக்கடப்பை அளக்கவே 1760இல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலேறினார் கியோம் லெ ழாந்தீ. அவர் வந்து சேருமுன் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கடப்பைக் கண்டது நடுக்கடலில். ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் உதவாததால் அளவீடு பயனற்றுப் போனது. அடுத்த கடப்புக்காக எட்டாண்டுகள் இந்தப் பக்கமே தங்கினார். 1768இல், மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்த புதுச்சேரிக்கு வந்து, இடிந்த மாளிகை மேல் ஆய்வுக்கூடம் அமைத்தார். சென்னை ஆங்கிலேயர் பகை பாராட்டாமல் தொலைநோக்கி ஒன்றை அனுப்பினர். மே மாதக் காலைகள் தெளிவாகவே இருந்தன. 1769 ஜூன் 4 விடியலில் மட்டும் மேகம் மூடியது. கடப்பு முடிந்தபின் வெயில் அடித்தது. 1771இல் ஊர் திரும்பியபோது, இறந்தவராகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர்.

அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. தமிழ்க் கணிதர்கள் எழுதுகோல் இல்லாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடச் செய்யுள்களின் துணையால் கிரகணம் கணிப்பதைக் கற்றுப் பதிவுசெய்தார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் அம்முறை தந்த பிழை 41 விநாடி. ஐரோப்பாவின் மாயர் அட்டவணை தந்த பிழை 68 விநாடி.

1874 டிசம்பர் 9 கடப்பையொட்டிச் சென்னை வான் ஆய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பொதுமக்களுக்கு விளக்க நூல் எழுதினார். வங்கத்தின் மத்தாபூரில் இத்தாலியர் தக்கீனி நிறமாலைமானி கொண்டு ஆராய்ந்தார்.

2004, 2012 ஜூன் வெள்ளிக் கடப்புகளும் 2016 மே 9 புதன் கடப்பும் இந்தியாவில் தெரிந்தன. அடுத்த வெள்ளிக் கடப்பு 2117இல். அதற்கு முன் 2032 நவம்பர் 13 பிற்பகலில் புதன் கடக்கும். மும்பையில் மழைக்காலம் ஓய்ந்தபின் வருவதால், வானம் தெளிந்திருந்தால் அங்குள்ள காட்கோபர் மொட்டைமாடியிலிருந்தும் முழுவதும் காணலாம். புதனின் புள்ளி மிகச் சிறியது; சூரிய வடிகட்டி பொருத்திய தொலைநோக்கி தேவை. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கவே கூடாது.